என் தங்கை பில்சுன் எழுதாத மன்னிப்பு

என் தங்கை தக் பில்சுன் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பெருமைக்காக எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

பகல் முழுக்கச் சலவைத் தொட்டியில் கை ஊறியபடி வேலை செய்துகொண்டு, இரவுப் பள்ளியில் அறுபத்தொரு பேரில் மூன்றாவதாகத் தேறினாள். பெண்களைத் தையல் மேசையிலும் பசைத் தொட்டியிலும் மட்டும் உட்காரவைத்த ஒரு புசான் ஷூ ஆலையில், ஏற்றுமதிப் பிரிவில் ஒரு நாற்காலி வாங்கினாள். அந்தப் பிரிவில் அவளைத் தவிர பதினான்கு பேரும் ஆண்கள். முப்பத்தெட்டாவது வயதில் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கட்டடத்தில் அவள் பெயர் போட்ட கதவுள்ள ஒரு அறை கிடைத்தது. நீதிமன்றத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வழக்குகளுக்கு மொழிபெயர்த்தாள். அவற்றில் இரண்டு முறை அவள் சொன்னது தவறு என்று வக்கீல்கள் எழுந்தார்கள். இரண்டு முறையும் உட்கார்ந்தார்கள்.

இவற்றில் பாதி நடக்காமலே போயிருக்க வேண்டியது. அப்படிப் போயிருக்கக்கூடிய ஒரு மாதம் இருந்தது, 1983 நவம்பர். அந்த மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அழகாக எழுதத் தெரியாது. ஆனால் அதே ஆலையில் பதினொரு வருடம் ஷூ ஜோடி எண்ணியவள், தேதியும் எண்ணிக்கையும் தப்பாது.

பில்சுனின் ஆங்கிலம் புசானில் பொம்ஜோன் பக்கத்தில் இருந்த அமெரிக்க முகாமின் சலவைக்கூடத்தில் பிறந்தது. பதினேழு வயதில் அங்கே சேர்ந்தாள். சுவரில் ஒரு வானொலி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். சட்டை மடித்துக்கொண்டே அதோடு சேர்ந்து வாய் அசைப்பாள். துணி வாங்க வரும் சிப்பாய்களிடம் பேசிப் பார்ப்பாள். ஆலைக்கு அவள் வந்த பிறகு, சிகாகோவிலிருந்து வரும் வியாபாரி ஒருவர் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, “இந்தப் பொண்ணு எங்க ஊருல எந்தத் தெரு?” என்று கேட்டார். எங்கள் அம்மா அதை மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிகாகோ வியாபாரிக்கு மொழிபெயர்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் ஷூவை மேசைமேல் அடித்து “குப்பை!” என்று கத்துவார். வாசல் காவலாளிக்கே அவர் மனசு புரியும். பத்து நிமிடம் கழித்து எல்லாருக்கும் சூயிங்கம் கொடுத்துவிட்டுச் சிரிப்பார்.

1983 மே மாதம் இங்கிலாந்திலிருந்து விட்கம் என்பவர் வந்தார். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் உடற்பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கேன்வாஸ் ஷூ, பதினெட்டாயிரத்து நானூறு ஜோடி. ஆலைக்குக் கிடைத்த முதல் இங்கிலாந்து வியாபாரம் அது.

முதல் நாள் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“அக்கா, எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு இன்னிக்குதான் தெரிஞ்சுது.”

“என்னடி உளர்ற?”

“தண்ணி கேட்டாருக்கா. மூணு தடவை கேட்டாரு. கடைசியில கையால குடிக்கிற மாதிரி காட்டுனாரு. ஒம்போது வருஷமா இங்கிலீஷ் பேசுறேன், தண்ணி புரியல எனக்கு.”

“ஒருவேளை பல்லு கட்டியிருப்பாரோ?”

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவங்க ஊர்ப் பேச்சே அப்படித்தான். நான்தான் அவருக்கு அமெரிக்கச் சினிமாவுல குதிரை மேல வர்ற மாட்டுக்காரன் மாதிரி கேக்குறேனாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.”

மறுநாள் இன்னொன்று. ஒன்றாம் தளத்தில் சந்திப்போம் என்று விட்கம் சொன்னார். எங்களுக்குத் தரையோடு இருப்பதுதான் ஒன்று. சிகாகோக்காரருக்கும் அப்படித்தான். விட்கமுக்கோ ஒரு மாடி ஏறினால்தான் ஒன்று. பில்சுனின் பிரிவுத் தலைவர் மா என்பவர் கீழே காரோடு நாற்பது நிமிடம் நின்றார், விட்கம் மேலே ஜன்னலோரம் நாற்பது நிமிடம் நின்றார். மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“மிஸ் தக், இனிமே அவரு ஒண்ணுன்னு சொன்னா, ஒண்ணுன்னா எத்தனைன்னு கேட்டு வெச்சுக்கோ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த ‘மிஸ்’ பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகங்களில் ஆண்களைப் பதவிப் பெயரால் அழைப்பார்கள். பெண்ணை மட்டும் ‘மிஸ்’ என்பார்கள். ‘மிஸ் தக், காபி.’ ‘மிஸ் தக், ஜன்னலைச் சாத்து.’ கேட்டதும் எழுந்து ஓட வேண்டிய சொல் அது. விட்கமும் அவளைப் பெயர் சேர்க்காமல் மிஸ் என்றுதான் அழைத்தார். ஆனால் அழைக்கும்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பில்சுனுக்கு முதல் இரண்டு நாள் எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியவில்லையாம்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரிய தாளில் இரண்டு பத்தி போட்டாள். சிகாகோ எப்படிச் சொல்லும், இங்கிலாந்து எப்படிச் சொல்லும் என்று நூற்றுப் பதினான்கு சொற்கள் எழுதி மேசைக்கு மேல் ஒட்டினாள். ஷூ அளவுகளையும் எழுதினாள். சிகாகோவின் எட்டு இங்கிலாந்தில் ஏழு. ஒரு சொல்லால் ஆலைக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதில் அவள் அவ்வளவு கவனமாக இருந்தாள். வந்த வினை சொற்களால் வரவில்லை. அந்த ஊர் மனிதர்கள் குறை சொல்லும் விதத்தால் வந்தது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

மே 19ஆம் தேதி, மாதிரி அறையில் நான் இருந்தேன். பசை ஒட்டும் வரிசைக்கு நான் தலைவி என்பதால், மாதிரிப் பெட்டியைச் சுமந்துகொண்டு போய்ச் சுவரோரம் நின்றிருந்தேன். விட்கம் ஒரு ஷூவை எடுத்து முனையை வளைத்தார். ரப்பர் பட்டை துணியோடு சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். பிறகு புன்னகை செய்தார். மெதுவாக ஏதோ பேசினார். பில்சுன் எங்கள் மொழியில் சொன்னாள்:

“ரொம்ப நேர்த்தியா வந்திருக்குன்னு சொல்றாரு. ஒருவேளை உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, முனைய மட்டும் ஒருவேளை இன்னொரு தடவை பாத்தா, ஒருவேளை நல்லதோன்னு தோணுதாம்.”

“நேர்த்தியா வந்திருக்குன்னாரா!” மாவுக்கு முகமெல்லாம் பல். “பாக்கலாம், பாக்கலாம்னு சொல்லு. மத்தியானம் மாட்டு விலாக்கறி சாப்பிடலாம்னும் சொல்லு.”

விட்கம் ஷூவை மேசையில் வைத்தார். வைத்த பிறகு அதை ஒரு விரலால் தன்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளினார். அவ்வளவுதான்.

படியிறங்கும்போது மா முன்னால், பில்சுன் அவருக்குப் பின்னால், பெட்டியோடு நான் கடைசியில்.

“சார், ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லு.”

“அவருக்கு முனை பிடிக்கலைன்னு தோணுது சார். ‘ஒருவேளை’ங்கறத மூணு தடவை சொன்னாரு. சிகாகோக்காரர் மேசைய அடிக்கிறத இவரு இப்படிச் சொல்றாரோன்னு...”

மா நிற்கவில்லை. “மிஸ் தக், அவரு சொன்னதச் சொல்றதுக்குத்தான் உனக்குச் சம்பளம். உனக்குத் தோணுறதுக்கு இல்ல. கப்பல் ஜூன் இருபத்தெட்டு. பசைய இன்னும் பத்து நிமிஷம் காயவெச்சா கப்பல் போயிரும், ஷூ இங்க நிக்கும்.”

அவள் அதற்கு மேல் பேசவில்லை. நானும் பேசவில்லை. முனை பிரிகிறது என்று என் கைக்குத் தெரியும். சூட்டு அடுப்பில் இருபத்தைந்து நிமிடம் காய வேண்டியதைப் பதினைந்தாக்கச் சொன்னது மே மாதம் முதல் வாரத்தில். எங்கள் வரிசையில் இருபத்துமூன்று பெண்கள். எல்லாருக்கும் தெரியும்.

ஜூன் 28 கப்பல் போனது. செப்டம்பரில் அந்த ஊரில் பள்ளி திறந்தது. இரண்டாவது வாரமே பிள்ளைகளின் ஷூ முனைகள் வாயைப் பிளந்தன. நல்ல வார்த்தைகளில், ஒரு ‘ஒருவேளை’யும் இல்லாமல், தந்தி இயந்திரத்தில் செய்தி வந்தது.

அக்டோபரில் ஆலை ஒரு பதில் அனுப்பியது. பில்சுனுக்கு அது தெரியாது. ஏற்றுமதிக் கடிதம் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். இது ஒன்று மட்டும் போகவில்லை.

அவளுக்குத் தெரிய வந்த விதம்தான் கொடுமை. நவம்பர் 9ஆம் தேதி விட்கமிடமிருந்து மறுமொழி வந்தது. வழக்கம்போல மொழிபெயர்க்க அவள் மேசைக்கே வந்தது. அவள் உரக்கப் படித்து மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்: அக்டோபர் 12ஆம் தேதி அனுப்பிய கடிதத்துக்கு நன்றி. கீழே ஒரு சிவப்பு அடையாளம் இருக்கிறது, ஆனால் கையெழுத்து எதுவும் இல்லை. எழுதியவர் யார் என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. நான் 17ஆம் தேதி வருகிறேன். மிஸ் சுன் என் முன்னிலையில் கையெழுத்திட்டால் நன்றியுடையவனாவேன்.

“மிஸ் சுன் யாரு சார்?” என்று கேட்டாளாம். கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் கடைசியில் வரும், எங்களுக்கு முதலில். தக் பில்சுன் என்பதன் கடைசித் துண்டை எடுத்து அவளுக்குக் குடும்பப் பெயராக்கியிருந்தார்கள்.

“எந்தக் கடிதம் சார்?”

மா இழுப்பறையிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். அகராதியைப் பார்த்துப் பார்த்து அவரே எழுதிய ஆங்கிலம். ‘தக் பில்சுனாகிய நான், மே 19ஆம் தேதி தாங்கள் கூறிய அறிவுரையை என் அலட்சியத்தாலும் அறிவுக் குறைவாலும் என் மேலதிகாரிக்குத் தெரிவிக்காமல் மறைத்துவிட்டேன். முழுப் பொறுப்பும் என்னுடையது. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன்.’ கீழே அவளுடைய முத்திரை.

முத்திரை அங்கே எப்படி வந்தது என்று ஆலையில் வேலை செய்த யாரும் கேட்கமாட்டார்கள். வேலைக்குச் சேரும் அன்றே, கையெழுத்துக்குப் பதிலாக வைக்க, சந்தையில் ஒரு மரக்கட்டையில் பெயரைச் செதுக்கி வாங்கி, நிர்வாக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆயிரத்து நூறு பேருடைய முத்திரைகளும் பிரிவு பிரிவாகப் பெட்டிகளில் இருக்கும். சம்பளச் சீட்டு, விடுமுறைச் சீட்டு எல்லாவற்றிலும் எழுத்தர் பெண்ணே வைத்துவிடுவாள். எங்களுக்கு அது உதவியாகத்தான் தெரிந்தது. வரிசையில் நின்று அரை மணி நேரம் யார் வீணாக்குவது?

மன்னிப்புக் கடிதமும் புதிதில்லை. பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஒன்று, ஊசி உடைத்தால் ஒன்று. என் பதினொரு வருடத்தில் நானே நான்கு கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று நான் செய்யாத தவறுக்கு. யாரோ ஒருவர் தலை குனிந்தால் மேலே இருப்பவர்களின் கோபம் தணியும், பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள். எங்களிடம் மன்னிப்பு என்பது அதுதான்.

மாவும் கெட்ட மனிதர் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். அவருக்கு மேலே மூன்று பேர். அவர் பில்சுனிடம் மெதுவாகத்தான் சொன்னார்: “இது ஒரு சம்பிரதாயம்மா. கையெழுத்தப் போட்டுட்டு நாலு மாசம் வீட்ல இரு. மார்ச்சுல நானே கூப்பிடுறேன். அடுத்த ஆர்டர் வந்தாத்தான் உங்க அக்கா வரிசையும் ஓடும், இல்லையா?”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் மாவே வந்து என் வரிசையில் நின்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, 13ஆம் தேதி, வழக்கம்போல இருவரும் கேகும் பகுதியில் இருந்த பொதுக் குளியலறைக்குப் போனோம். அவள் முதுகை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் நான்கு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது முதுகெலும்பில் தெரிந்தது.

“போட்டுத் தொலைடி” என்றேன். “மன்னிப்புதானே? நான் போடலையா?”

“அக்கா, மெல்லத் தேய். தோலு உரியுது.”

“பேச்ச மாத்தாத. நாலு மாசம் வீட்ல இருக்கப்போற. அம்மாவுக்குச் சமைச்சுப் போடு. மார்ச்சுல போ.”

“மார்ச்சுல எங்க போறது? ஒரு மொழிபெயர்ப்பாளர், கேட்டத மறைச்சுட்டேன்னு தன் கையால எழுதிக் குடுத்தா, அதுக்கப்புறம் அவ வாயிலேர்ந்து வர்றத யாரு நம்புவா? புசான்ல இருக்குற எல்லா வியாபாரிக் கம்பெனியும் ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சவங்க.”

“அது சும்மா ஒரு காகிதம்.”

“நமக்கு. நாம மன்னிப்புக் கேட்டா, ‘உங்க மனசு நொந்ததுக்கு எனக்கும் வருத்தம்’னு அர்த்தம். யாரு தப்புன்னு அதுல இல்ல. அவங்ககிட்ட அப்படி இல்லக்கா. அவங்க ஊர்ல பஸ்ஸுல கால மிதிச்சா நூறு தடவை ஸாரி சொல்லுவாங்க, மிதிபட்டவனும் சேந்து சொல்லுவான். ஆனா அதையே தாள்ல எழுதிக் கீழ பேரப் போட்டுட்டா, அது ஒப்புதல். கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். சாகுற வரைக்கும் கூட வரும்.”

“உனக்கு எல்லாம் தெரியும்! தண்ணி கேட்டா புரியாது, இது மட்டும் புரியும்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. “என் வேலை போச்சுன்னா? இருபத்திமூணு பேரு என் வரிசையில. அம்மா மருந்து? உன் மானம் மட்டும்தான் பெருசா?”

பக்கத்துத் தொட்டியில் இருந்த கொழுத்த அம்மாள் ஒருத்தி தலையை நீட்டினாள். “ஏம்மா, அக்கா தங்கச்சி சண்டைய வெளிய போய் வெச்சுக்குங்க. சத்தத்துல எங்க வெந்நீரே ஆறிப்போச்சு. பாவம், அந்தப் பிள்ளை முதுகப் பாரு, சமைச்ச நண்டு மாதிரி ஆக்கிட்ட.”

பில்சுன் சிரித்தாள். பிறகு அதே முகத்தோடு அழுதாள். நான் தண்ணீரை மொண்டு மொண்டு அவள் தோளில் ஊற்றினேன். வெளியே வந்து வாழைப்பழப் பால் வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். போடுவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

17ஆம் தேதி மத்தியானம் இரண்டே காலுக்கு மாதிரி அறைக்கு என்னை வரச் சொன்னார்கள். கையில் பசையோடு போனேன். நீள மேசையின் ஒரு பக்கம் விட்கம், எதிரே மா, நடுவில் பில்சுன். அவள் முன்னால் அந்தக் கடிதம் சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டு இருந்தது. பக்கத்தில் பேனா.

விட்கம் ஏதோ சொன்னார். நிதானமாக, புன்னகையோடு. மாவுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவர் உடனே எங்கள் மொழியில், “அவசரமே இல்லையாம், நிதானமா படிச்சுப் பாத்துட்டுப் போடச் சொல்றாரு. நல்ல மனுஷன். சீக்கிரம் போடு” என்றார்.

பில்சுன் போடவில்லை. பிறகு அவள் எனக்குச் சொன்னது இது: விட்கம் அப்போது சொன்னது, ‘நீங்கள் முதலில் படித்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். மத்தியானம் முழுக்க எனக்கு வேறு வேலை இல்லை.’ அவருக்கு ஆறு மணிக்கு விமானம் என்று அவளே சீட்டு பதிவு செய்திருந்தாள். கடிகாரத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் இருக்கத் தெரியாத மனிதர், மத்தியானம் முழுக்க இருக்கிறது என்றால் என்ன சொல்கிறார் என்று இந்த முறை அவளுக்குத் தெரிந்தது.

“சார்” என்றாள் மாவிடம். “அவரு இந்தக் காகிதத்த நம்பல.”

“அவரு அப்படிச் சொல்லலையே!”

“சொல்லமாட்டாரு சார்.”

மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. பெரியவ. உன் பேச்சக் கேப்பா.”

படிக்கட்டில் நானும் இருந்தேன், நானும் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அடுப்பு நிமிடங்களைச் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்வி.

“இத நீ எழுதுனியா?”

“இல்லக்கா.”

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாவும் அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை.

பில்சுன் தட்டச்சுத் தாளை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாக மாவின் முன்னால் திருப்பி வைத்தாள். அலமாரியிலிருந்து வெள்ளைத் தாள் இரண்டும் கார்பன் ஒன்றும் எடுத்தாள். உட்கார்ந்து எழுதினாள். மா ஒருமுறை எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். விட்கம் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வரி எழுத இருபது நிமிடம் ஆனது. அந்தக் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. பில்சுன் எனக்குப் படித்துச் சொன்னபடி எழுதுகிறேன்:

‘மே 19ஆம் தேதி திரு. விட்கம் ஷூவின் முனையை மீண்டும் பார்க்கும்படி சொன்னார். அவர் சொன்ன சொற்களை அப்படியே என் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அந்தச் சொற்கள் அவர் ஊரில் எவ்வளவு கனமானவை என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. சந்தேகம் வந்து, அன்றே படிக்கட்டில் தலைவரிடம் ஒருமுறை சொன்னேன். மறுமுறை சொல்லவில்லை. மறுமுறை சொல்லாதது என் தவறு. அக்டோபர் 12ஆம் தேதிக் கடிதம் நான் எழுதியது அல்ல, அதில் உள்ள முத்திரையை நான் வைக்கவில்லை.’

எழுதி முடித்து மாவுக்கு எங்கள் மொழியில் வரி வரியாகச் சொன்னாள், ஒரு வரியும் விடாமல். அவருக்குத் தெரியாமல் எதையும் கொடுப்பது சரியில்லை என்று நினைத்தாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, “உன் தப்பையும் எழுதியிருக்கியே, பைத்தியமா நீ?” என்றார். கோபத்தில் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

“நடந்தது சார்.”

அதன் பிறகு நடந்தவை நல்லவை அல்ல. டிசம்பர் 1ஆம் தேதி அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். காரணம் எழுதவில்லை. நிர்வாக அலுவலகத்து எழுத்தர் பெண் அவளுடைய முத்திரையை ஒரு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என்னைத் தலைவி இடத்திலிருந்து இறக்கி, பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். விட்கம் அந்த ஆலைக்கு அடுத்த ஆர்டர் கொடுக்கவில்லை. என் வரிசையில் இருந்த இருபத்துமூன்று பேரில் ஒன்பது பேருக்கு வசந்த காலத்துக்குள் வேலை போனது. அவர்களில் இருவர் அதற்கு என் தங்கையைத்தான் காரணம் சொன்னார்கள், சாகும்வரை என்னோடு பேசவில்லை. பில்சுன் பதினான்கு மாதம் மீன் சந்தையில் பெட்டி தூக்கினாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை. அவள் எழுதிய அந்த ஏழு வரியைப் பற்றிக் கேள்விப்பட்டு கப்பல் வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் மொழிபெயர்ப்பு வேலைக்குக் கூப்பிட வந்தது 1985 பிப்ரவரியில். அதுவரை, நான் அன்று அவளைப் போடச் சொல்லி அழுத்தியிருக்க வேண்டுமோ என்று தினமும் யோசித்தேன். அவளிடம் கேட்டதில்லை.

அந்த அறைக்குத் திரும்புகிறேன். தாளின் அடியில் இடம் இருந்தது. அவள் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. முத்திரை நிர்வாக அலுவலகத்துப் பெட்டியில் இருந்தது. இருபத்தாறு வயதுவரை அவள் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, நானும் போட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று இல்லை. எப்படி இருக்க வேண்டும் என்று விட்கமிடம் கேட்டாள். உங்களுடையதாக இருந்தால் போதும் என்றார்.

அவள் எங்கள் எழுத்தில், முதலில் குடும்பப் பெயர், பிறகு தன் பெயர், தக்-பில்-சுன் என்று மூன்று எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடப் பிள்ளை போலப் பெரிதாக எழுதினாள். தேதி போடும்போது கொஞ்சம் தயங்கினாள். சிகாகோக்காரர் மாதத்தை முன்னால் போடுவார், விட்கம் நாளை முன்னால் போடுவார். அவள் எங்கள் வழக்கப்படி வருடத்தை முன்னால் போட்டாள்.

1983, நவம்பர், 17.